பாவு தீர்ந்த பிறகு

தறியில் பாவு தீர்ந்துபோனால் பள்ளிபாளையத்தில் யாரும் பழைய இழையை உருவி எறிய மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்து நிற்கிற நூலை ஒரு சாண் விட்டு அறுப்பார்கள். புதுப் பீமைத் தூக்கி வைத்து, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். இதற்குப் பிணைக்கிறது என்று பெயர். இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறிக்குப் பின்னால் குந்தியபடி, ஆயிரக்கணக்கான இழைகளைப் பேசிக்கொண்டே முறுக்கித் தள்ளுவார்கள். முடிந்ததும் தறியைக் கையால் மெல்ல இழுத்தால் பிணைத்த இடமெல்லாம் விழுதையும் அச்சையும் தாண்டி முன்பக்கம் வந்துவிடும். துணியில் நாலு விரற்கடைக்கு ஒரு கரடு தெரியும். அதற்கப்புறம் ஓடுவது புது நூல், பழைய டிசைன். பழைய இழையை ஒட்ட அறுத்துவிட்டால் கதை வேறு. முதல் இழையிலிருந்து புதிதாகக் கோக்க வேண்டும். நாள் கூலி போகும், தறியும் சும்மா நிற்கும்.

2018 நவம்பர் கடைசியில் ‘எந்திர’னின் தொடர்ச்சியாக ‘2.0’ வந்தபோது ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து எங்கள் கூடத்துக்குப் பிணைக்க வந்தவரும் பார்த்திருந்தார். “படம் எப்படிங்ண்ணா?” என்றேன். இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஒட்ட அறுத்துப்போட்டுக் கோத்திருக்காங்க தம்பி. பழைய டிசைன் இல்லீங்.”

தமிழில் அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த விமர்சனம் எனக்கு ஞாபகம் வரும். ஹாலிவுட்டில் ஒரு கற்பனை உலகம் நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடுகிறது. தேயும்போது ரீபூட் என்று சொல்லி மறுபடி கிளப்புகிறார்கள். அது சரியா தவறா என்று ரசிகர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம்மிடமோ 1952 முதல் இவ்வகைப் படங்கள் இருந்தும், சண்டை போடும் அளவுக்கு நீண்ட ஒரு தொடர்கூட இல்லை. ஏன் என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். பணமில்லை என்பார்கள், தொழில்நுட்பமில்லை என்பார்கள், நம் ஆட்களுக்கு அறிவியல் ஏறாது என்பார்கள். மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதிக தூரமில்லை, திருச்செங்கோடு வரைக்கும்தான்.

டி.ஆர். சுந்தரத்தின் ஊர் அது. பெயரின் முதல் எழுத்தே ஊர்தான். நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பி ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தவர் மில் கட்டவில்லை. 1930-களின் நடுவில் சேலத்தில் ஏற்காடு சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அங்கே பிறந்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பஞ்சாலை ஷிப்டு போல நேரம் தவறாமல் எடுத்தவர் அவர். இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

அந்த வளாகத்துக்காரர்கள்தான் 1952-ல் அமெரிக்க லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ‘காடு’ எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. இயக்கம் வில்லியம் பெர்க். நடிப்பு ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடிவருகின்றன. என்ன காரணம் என்று காட்டுக்குள் போய்ப் பார்த்தால், என்றைக்கோ அழிந்துபோன மாமத யானைகள் உயிரோடு உலவுகின்றன. நிஜ யானைக்கு மேலே முடிப் போர்வை போர்த்தி எடுத்தார்கள். இந்தியாவின் முதல் அறிவியல் புனைகதைப் படம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. இன்று பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் ‘ஜுராசிக் பார்க்’ வருவதற்கு நாற்பத்தோரு ஆண்டு முன்பே, அழிந்த மிருகம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை மறுபடி எடுத்து ஓட்ட அப்புறம் யாரும் வரவில்லை.

அந்தப் படத்தில் ஒரு சிறு வேடத்தில் எம்.என். நம்பியார் இருந்தார். பதினோரு ஆண்டு கழித்து, 1963-ல், ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில் அவரே வேற்றுக்கிரகவாசி. ககாரின் விண்ணுக்குப் போய் இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. விஞ்ஞானத்தில் உச்சத்துக்குப் போய்க் கலையில் வறண்டு கிடக்கிற ஒரு கிரகம், தன் மக்களுக்குப் பாட்டும் கூத்தும் கற்றுத்தர ஆள் தேடிப் பூமிக்கு வருகிறது, பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறது, எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்கிறார். ஹாலிவுட்டின் வேற்றுக்கிரகவாசி அந்தக் காலத்தில் நிலத்தைப் பிடிக்க வருவான், ஆளைத் தின்ன வருவான். நம்மூருக்கு வந்தவன் பாட்டு வாத்தியார் தேடி வந்தான். இந்த ஒரு யோசனையை வைத்துப் பத்துப் படம் எடுக்கலாம். எடுக்கவில்லை.

1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. மின்னலின் ஆற்றலைச் சேமித்து வைக்கும் வித்தையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன், அவரைத் தேடி நாடு நாடாய் அலையும் தம்பி ராஜு, இரண்டும் எம்.ஜி.ஆரே. ஒசாகாவில் 1970-ல் நடந்த உலகக் கண்காட்சியையே அரங்கமாக வைத்து எடுத்த படம். அதிலும் நம்பியார் இருந்தார், பல்லைத் துருத்திக்கொண்டு. 1952, 1963, 1973 என்று மூன்று படங்களையும் ஒரே சரட்டில் கோக்கிற ஒரே ஆள் அவர்தான். வேடிக்கைக்குச் சொல்லத் தொடங்கியது, யோசிக்க யோசிக்க விஷயமாகவே படுகிறது. நம் சினிமாவில் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வது முகம். உலகமும் அதன் விதிகளும் அந்தந்தப் படத்தோடு கலைந்துபோகின்றன.

‘உலகம் சுற்றும் வாலிப’னின் முடிவில் அடுத்த படத்துக்கான அறிவிப்பு திரையில் வந்தது: ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’. தமிழ்ப் பார்வையாளருக்குத் திரையிலேயே எழுதிக் கொடுக்கப்பட்ட முதல் தொடர்ச்சி என்று அதைச் சொல்லலாம். எம்.ஜி.ஆர். அரசியலில் முழுகி, 1977-ல் முதலமைச்சரானார். ராஜு ஆப்பிரிக்கா போகவே இல்லை. 2018-ல் அதே தலைப்பில் எம்.ஜி.ஆரை அனிமேஷனில் உருவாக்கி ஒரு படம் எடுக்கப்போவதாகப் பெரிய விழா நடந்தது. முகத்தை மறுபடி வரைந்துவிட்டால் தொடர்ச்சி வந்துவிடும் என்ற எண்ணம் நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் மாறவில்லை.

நமக்குத் தொடர் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் பழைய வார இதழ்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சங்கர்லால் வராத தமிழ்வாணனா? கணேஷும் வசந்தும் சுஜாதாவின் எத்தனை கதைகளில் வந்தார்கள்? ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலாவை இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸுக்காக வாயைக் கட்டிக் காசு சேர்த்தவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே எத்தனையோ பேர். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாயைப் படைத்தார் சுஜாதா. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் 2021-ஆம் ஆண்டு இந்தியாவில் நடக்கிற கதை அது. நாய்க்கு இருந்த செல்வாக்கில் ‘மீண்டும் ஜீனோ’ எழுத வேண்டியதாயிற்று. பழைய இழையை ஒரு சாண் விட்டு அறுக்கத் தெரிந்த எழுத்தாளர் அவர். வாசகருக்கு எந்த இழை முக்கியம் என்று அவருக்குத் தெரியும். நாயை விட்டுவிட்டு அந்த உலகத்தைத் தொடர முடியாது என்றும் தெரியும்.

அதே சுஜாதா 1986-ல் கமல்ஹாசனுக்காக ‘விக்ரம்’ எழுதினார். குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருடுபோகிறது, உளவாளி விக்ரம் தேடிப் போகிறான், கூடவே ஒரு கம்ப்யூட்டர் நிபுணி. படத்தின் பின்பாதி சலாமியா என்ற கற்பனை நாட்டில் திசை தெரியாமல் அலைகிறது. அது வேறு விஷயம். இந்தியா தன் அக்னி ஏவுகணையை முதன்முதலில் சோதித்தது 1989 மே மாதம். ஏவுகணைக்கு நெருப்பின் பெயர் வைத்து தமிழ் சினிமா மூன்று ஆண்டு முந்திக்கொண்டது. இந்தப் படத்தை இங்கே நிறுத்திவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ‘எந்திரன்’. இயக்குநர் ஷங்கர் முதலில் கமலை வைத்துத் தொடங்க நினைத்தார். போட்டோ ஷூட் வரைக்கும் போய் நின்றது. இடையில் ஷாருக்கானிடம் போனது. கடைசியில் ரஜினிகாந்த் நடித்து, சன் பிக்சர்ஸ் தயாரிப்பில், 2010 அக்டோபர் 1-ம் தேதி வெளியானது. வசனத்தில் பங்கிருந்த சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். மதன் கார்க்கி தொடர்ந்தார். ‘டெர்மினேட்ட’ருக்கு இயந்திர மனிதனைச் செய்து கொடுத்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையிலிருந்து வந்தவர்கள் நடத்தும் லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம், கதையின் ரோபோவான சிட்டியின் இயந்திர உடலுக்கு வேலை செய்தது. தேசிய விருதில் சிறப்புக் காட்சிக்கும் கலை இயக்கத்துக்கும் பரிசு கிடைத்தது.

இதைப் பற்றி ஊரில் மூன்று கட்சி. முதல் கட்சிக்கு இது ‘டெர்மினேட்டர்’ காப்பி. ரோபோவுக்குச் சிவப்பு வெளிச்சம் வந்தாலே இவர்களுக்கு ஷ்வார்ஸ்நெகர் தெரிவார். படைத்தவனையே படைப்பு எதிர்க்கும் கதை 1818-ல் மேரி ஷெல்லி ‘ஃபிராங்கன்ஸ்டீன்’ வெளியிட்ட நாளிலிருந்து பொதுச்சொத்து. அதை யாரும் யாரிடமும் திருட முடியாது. இரண்டாம் கட்சிக்குக் கடைசி நாற்பது நிமிடமே படம்: நூறு சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேருகிற இடம். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து எங்கள் தறிக்கூடம் வரை பெரும்பான்மை இவர்கள்தான். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் என்ற வகையில் அவர்கள் சொல்வதற்கும் எடை உண்டு. மூன்றாம் கட்சி சின்னது, அதில்தான் நானும். எங்களுக்குப் படம் என்பது தீப்பிடித்த குடியிருப்புக் காட்சி.

அடுக்குமாடி எரிகிறது. சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். ஒரு வீட்டில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்த நிலையில் மாட்டிக்கொள்கிறாள். வெளியே வர மாட்டேன் என்கிறாள். சிட்டிக்கு அது புரியவில்லை. உயிர் போகப்போகிறது, உடை இல்லாதது ஒரு பிரச்சினையா? அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கும் டி.வி. கேமராக்களுக்கும் நடுவே நிறுத்துகிறான். அவள் ஓடுகிறாள், வண்டி அடித்துச் சாகிறாள். கணக்கில் பார்த்தால் சிட்டி ஓர் உயிரைக் காப்பாற்றினான். ஆனால் மானம் என்ற சொல் அவன் நிரலில் இல்லை. ஐசக் அசிமோவ் 1942-ல் வெளியிட்ட ரோபோ விதிகள் மூன்றில் முதலாவது, மனிதனுக்குத் தீங்கு வரவிடக் கூடாது என்கிறது. தீங்கு என்பது எது என்று அந்த விதியிடம் கேட்கிறது இந்தக் காட்சி. கூடவே கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்களையும் காட்டிக்கொடுக்கிறது; ஷங்கர் அதை அழுத்தாமல் விட்டதும் நல்லதே. லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தக் காட்சி தோன்றியிருக்காது. இதற்குப் பிறகுதான் சிட்டியைப் படைத்த விஞ்ஞானி வசீகரன் அவனுக்கு உணர்ச்சியை ஊட்டுகிறார். அதிலிருந்துதான் காதல், பொறாமை, குப்பைமேடு, சிவப்புச் சில்லு எல்லாம். கடைசியில் 2030-ல் ஓர் அருங்காட்சியகம். தன்னைத்தானே கழற்றிக்கொண்ட சிட்டியின் முன்னால் ஒரு பள்ளிப்பிள்ளை ஏன் என்று கேட்க, சிந்திக்கத் தொடங்கியதே தன் குற்றம் என்ற பொருளில் சிட்டி பதில் சொல்கிறான்.

பிணைப்பதற்கு இதைவிட நல்ல நூல் கிடைக்காது. சிந்திக்கக் கற்ற இயந்திரத்தை மறுபடி பூட்டினால் அது என்ன கேட்கும்? தன்னைக் கழற்றச் சொன்னவர்களை எப்படிப் பார்க்கும்?

லைகா தயாரிப்பில் 2018 நவம்பர் 29-ல் வந்த ‘2.0’ இதில் எதையும் கேட்கவில்லை. செல்போன்கள் கைகளிலிருந்து பறந்து மாயமாகின்றன. சிட்டியை மறுபடி பூட்டுகிறார்கள். அவன் கடமையே என்று சண்டைக்குப் போகிறான். வசீகரனின் காதலி சனா தொலைபேசிக் குரலாகச் சுருங்கிவிட்டார். 2030 என்று முதல் படம் போட்ட தேதியை இரண்டாம் படம் கண்டுகொள்ளவே இல்லை. செலவு ஐந்நூறு கோடிக்கு மேல் என்றார்கள், முழுப் படமும் நேரடியாக முப்பரிமாணக் கேமராவில் எடுத்தது. செல்போன்கள் சேர்ந்து ராட்சசப் பறவையாகிற காட்சியில் நானும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தைப் பற்றிய கருத்துகளில் எனக்குச் சுவையானது வில்லனைப் பற்றியது. அக்‌ஷய்குமார் நடித்த பறவையியலாளர் பட்சிராஜன், கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று எல்லாக் கதவையும் தட்டி, தோற்று, செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். தியேட்டரில் பாதிப் பேர் அவர் பக்கம். செல்போன் நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவருமுன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது; தமிழ்ப் படம் ஒன்றின் அறிவியலை எதிர்த்து ஒரு தொழில்துறை மனு கொடுத்தது வேறெப்போது? அறிவியல் என்று பார்த்தால் பட்சிராஜனின் வாதம் நொண்டுகிறது. 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும், கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. படமோ அத்தோடு நிற்காமல் இறந்த பறவைகளின் ஒளிவட்டம் ஒன்றுசேர்ந்தது என்று பேய்க்கதைக்குள் போய்விட்டது. முதல் படத்தில் அறிவியல் தவறினாலும் கேள்வி சரியாக இருந்தது. இரண்டாவதில் கேள்வியை வில்லனிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சிட்டி அடிப்பதற்குக் கைதட்டச் சொன்னார்கள்.

வெளியூர்க் கதைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ‘டெர்மினேட்டர்’ 1984-லும் 1991-லும் ஓடியது. பின்னால் வந்தவர்கள் பழைய இழையை ஒட்ட அறுத்தார்கள். 2015-ல் ‘ஜெனிசிஸ்’ முந்தைய கதையையே அழித்தது. 2019-ல் ‘டார்க் ஃபேட்’ வந்து, முதல் இரண்டு படம் மட்டும் நிஜம், மற்றது இல்லை என்றது. அதோடு நிற்காமல், இரண்டாம் படம் முழுக்கக் காப்பாற்றிய ஜான் கானரை ஆரம்பத்திலேயே கொன்றது. ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ 2009-ல் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. முகமெல்லாம் புதுசு, ஆனால் பழைய ஸ்பாக்காக லெனார்ட் நிமாய் அதே கதைக்குள் காலம் கடந்து வந்து புது ஸ்பாக்கைச் சந்திக்கிறார். பிணைப்பு என்றால் அது. குரங்குகளின் கதையான ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ இன்னும் நல்ல பாடம். 1968-ல் தொடங்கி, 2001-ல் டிம் பர்ட்டன் கையில் தடுமாறி, 2011-ல் சீசர் என்ற குட்டியிலிருந்து மறுபடி கோத்து, 2024 வரை நான்கு படம் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறது. புதிதாகக் கோப்பது பாவமில்லை. கோத்தால் முதல் இழையிலிருந்து பொறுமையாகக் கோக்க வேண்டும்.

நம் ஆட்களுக்குத் தொடர்ச்சி பற்றிய உணர்வு இல்லை என்பவர்களுக்கு ஒரு சாட்சி. 2019-ல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. விளம்பரத்துக்கு அது உதவியிருக்கும். முந்தைய படங்களைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்த ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு டோனி ஸ்டார்க் என்றால் அந்தப் பழைய டப்பிங் குரல். நட்சத்திரத்தின் குரல் வந்து அவர்களுடைய அயர்ன்மேனை மாற்றிவிட்டது. நட்சத்திரத்தைவிடப் பாத்திரம் பெரிது என்று தமிழ்ப் பார்வையாளர் உரக்கச் சொன்ன அபூர்வமான தருணம் அது. டப்பிங் படத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருப் பையன்கள் வாயிலிருந்துதான் அதை முதலில் கேட்டேன்.

2022 ஜூன் 3-ல் லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வந்தது. முப்பத்தாறு ஆண்டு இடைவெளி, அதே கமல், அதே பெயர், பழைய தலைப்புப் பாட்டின் எதிரொலி. தமிழில் ரீபூட் என்று துணிந்து சொல்லக்கூடிய பெருவெற்றி இதுதான். லோகேஷின் முந்தைய படமான ‘கைதி’யோடு சேர்த்து ஓர் உலகத்தையே கட்டத் தொடங்கியது. பிணைப்புக்காரர் ஒருவர் கடைசியாக வந்தார் என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று சுஜாதா கோத்த இழை ஒன்றுகூட அந்தப் பாவில் இல்லை. இருப்பது போதைப்பொருளும் துப்பாக்கியும். தொடர்ச்சி கிடைத்தது, அறிவியல் கழன்றுகொண்டது.

சிறு படங்கள் பக்கம் நம்பிக்கை உண்டு. காலப்பயணத்தை நம்மூர் அலட்சியத்தோடு கையாண்ட ‘இன்று நேற்று நாளை’ (2015) எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். அதை எடுத்த ரவிக்குமாரின் அடுத்த படமான ‘அயலான்’ திரைக்கு வர 2024 பொங்கல் ஆகிவிட்டது. ஒரு நெசவாளியை ஒன்பது ஆண்டு தறிக்கு வெளியே உட்கார வைத்தால் கை மறந்துவிடும். பணமில்லை என்ற வாதம் இங்கேதான் ஓரளவு பொருந்துகிறது. அப்போதும் அது தொகையைப் பற்றியதல்ல. ஐந்நூறு கோடியை ஒரு முகத்தின் மேல் போடுகிற கை, ஐந்து கோடியை ஓர் உலகத்தின் மேல் திரும்பத் திரும்பப் போடத் தயங்குகிறது. முகம் வயதாகும், கட்சி தொடங்கும், கால்ஷீட் தராது. ஜீனோவுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இருந்ததில்லை.

போன மாதம் வெப்படைப் பக்கம் ஒரு பெரிய தறிக்கூடத்தில் பிணைக்கிற மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார் எங்கள் கூடத்துக்குப் பிணைக்க வரும் அந்த அண்ணன். பிழைப்பைப் பிடுங்க வந்த இயந்திரத்தைப் பற்றித் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“நம்ம மாதிரி முறுக்கறதில்லீங் தம்பி, அது முடிச்சுப் போடுது” என்றார். சாம்பல் கிண்ணத்தை அருகில் நகர்த்திக்கொண்டு, அடுத்த இழையைப் பிரித்தெடுத்தார். “ஒண்ணுக்கு ரெண்டு இழை சேந்து வந்துச்சுன்னா அதுவா நின்னுக்குது. பாத்துட்டே நின்னேன்.”